ஃபார்மட் போடக் கொடுக்கும் முன்னால்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். தாராவி 90 அடி சாலைப் பக்கம் அப்பா தோல் பை, பெல்ட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். கணக்கு வழக்கு முழுக்க நான்தான் பார்க்கிறேன். பட்டறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது: ஐ3, நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம். அதில் டேலி கணக்கு மென்பொருள் ஓடுகிறது. 2001-இல் அப்பா ஒருவரை வைத்து எழுதி வாங்கிய ஃபாக்ஸ்ப்ரோ பில் புரோகிராமும் அதில்தான் இருக்கிறது. பழைய பார்ட்டிகளின் கணக்கெல்லாம் அதற்குள். வீட்டில் என்னுடைய லேப்டாப்: ஐ5, எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இரண்டிலும் விண்டோஸ் 10. ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது. லேமிங்டன் ரோட்டில் விசாரித்தேன். இரண்டையும் கொண்டு வாருங்கள், ஃபார்மட் போட்டு விண்டோஸ் 11 ஏற்றி ஒரே நாளில் தந்துவிடுகிறேன் என்றார் கடைக்காரர். அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது. ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்காகப் பல வருடமாக அவர் தமிழில் அடித்து வைத்த கோப்புகளும் டெஸ்க்டாப்பில்தான் உள்ளன. மார்ச் கணக்கு முடிந்த கையோடு இதை முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். கொடுக்கலாமா?

வாசகி, தாராவி, மும்பை

பதில்: தங்கச்சிக்கு வணக்கம்.

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். லேப்டாப்பில் விண்டோஸ் 11 போடலாம், போடுவதுதான் நல்லது. ஆனால் அதற்கு ஃபார்மட் தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்து நீங்களே செய்துகொள்ளலாம். டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் 11 வேண்டவே வேண்டாம். அப்பாவின் பயம் நியாயமான பயம். அவர் தயங்கியதால்தான் இந்தக் கடிதம் எனக்கு வந்தது, அதுவரை நல்லது.

முதலில் அந்தத் திரைச் செய்தியைப் பற்றி. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதனால் கணினி நின்றுவிடாது, கோப்பு எதுவும் அழியாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட்டுகள் வராது, அவ்வளவுதான். ஆனால் பேங்க் கணக்கும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் புழங்குகிற கணினியில் இந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயமில்லை. அதற்காக இந்த வாரமே ஓட வேண்டியதும் இல்லை. தனிநபர் கணினிகளுக்காக மைக்ரோசாஃப்ட் ஒரு நீட்டிப்பு தந்திருக்கிறது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் சேர்வதற்கான இணைப்பு அங்கேயே இருக்கும். கணினியில் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதில் சேமிக்கச் சம்மதித்தால் காசு கிடையாது. லேப்டாப்பில் இன்று இரவே இதைச் செய்துவிடுங்கள். நிதானமாகத் தயாராக உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது, கடைக்காரர் சொன்ன ஃபார்மட். இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, இருக்கிற விண்டோஸ் மேலேயே புதியதை ஏற்றுவது. இதில் உங்கள் கோப்புகள், மென்பொருள்கள், எழுத்துருக்கள், பிரிண்டர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். மற்றொன்று, ஹார்ட் டிஸ்கைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அதுதான் ஃபார்மட். கடைக்காரருக்கு ஃபார்மட் சுலபம்: என்ன நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும், பழைய பிரச்சினை எதுவும் கூடவே வராது. அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. 'டேட்டா எடுத்து வெச்சிட்டீங்களா?' என்று அவரும் கேட்பார். நீங்களும் மை டாக்குமென்ட்ஸை நினைத்துக்கொண்டு 'ஆச்சு' என்பீர்கள். டேலி டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது, ஃபாக்ஸ்ப்ரோ எங்கே இருக்கிறது, அப்பாவின் எழுத்துரு எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருமே யோசித்திருக்க மாட்டீர்கள்.

டெஸ்க்டாப்பை முதலில் பார்ப்போம், ஏனென்றால் விலைமதிக்க முடியாதது எல்லாம் அதில்தான் இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்பவை: 64 பிட் பிராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், கணினியைத் தொடக்கும் யுஇஎஃப்ஐ, கண்ட மென்பொருளோடு கணினி தொடங்காமல் காக்கும் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு. அதோடு பிராசசர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. உங்கள் ஐ3 அதற்கு ரொம்ப முந்தியது. இந்தச் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடும் வழிகள் உண்டு. கடைக்காரர் செய்யப்போவதும் அதைத்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? வீட்டில் படம் பார்க்கும் கணினி என்றால் சரி, முயன்று பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். கணக்கு இருக்கும் கணினியில் வேண்டாம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2001-இல் எழுதிய ஃபாக்ஸ்ப்ரோ பில் புரோகிராம் என்றால் அநேகமாக விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்துக் கறுப்புத் திரைப் புரோகிராம். அது விண்டோஸ் 10-இல் நேராக ஓடுகிறது என்றால் அந்தக் கணினியில் இருப்பது 32 பிட் விண்டோஸாகத்தான் இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய்ப் பாருங்கள், 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் எழுதியிருக்கும். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேராகத் திறக்காது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மேலேயே ஏற்றிப் போகவும் முடியாது, துடைத்துத்தான் போட வேண்டும். ஆகவே கடைக்காரர் எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும், மாலையில் நீங்கள் வீட்டுக்கு எடுத்து வரும் கணினியில் அப்பாவின் பில் புரோகிராம் திறக்காது.

என் யோசனை இது. டேலியையும் ஜிஎஸ்டி வேலையையும் லேப்டாப்புக்கு மாற்றிவிடுங்கள். மாற்றி முடிந்ததும் டெஸ்க்டாப்பின் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள், வைஃபை இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். இன்டர்நெட் இல்லாமல், கண்ட பென் டிரைவையும் செருகாமல், பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்க மட்டும் அது இன்னும் சில காலம் உழைக்கும். அதன் ஹார்ட் டிஸ்கும் வயதானதுதான். அதனால் அடுத்து நான் சொல்லும் வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு டெஸ்க்டாப் முன்னால் ஒரு மணி நேரம் உட்காருங்கள். 'வேறெங்கும் இல்லாமல் இந்தப் பெட்டிக்குள் மட்டும் இருப்பது என்ன?' இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் தொலைந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், குரோமும் அப்படித்தான். 2001 முதல் பார்ட்டி வாரியாக இருக்கும் பாக்கிக் கணக்கை எங்கே போய் வாங்குவீர்கள்? பட்டியல் எழுதும்போது அப்பா பக்கத்தில் இருப்பது முக்கியம். எந்த ஐகானை அழுத்தினால் பில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும்; டி டிரைவில் 'நியூ ஃபோல்டர் 3' என்று கிடப்பதற்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் ஞாபகம் வரும்.

ஃபாக்ஸ்ப்ரோவைப் பொறுத்தவரை, மேசைத் திரையில் இருக்கும் ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். அது எந்த ஃபோல்டரைக் காட்டுகிறதோ அந்த ஃபோல்டரை அப்படியே முழுசாக எடுங்கள். டிபிஎஃப் என்று முடியும் கோப்புகளில்தான் கணக்கு இருக்கிறது. எஃப்பிடி என்று முடிவன இருந்தால் நீண்ட குறிப்புகள் அவற்றில் இருக்கும். மற்றவை புரோகிராமும் இன்டெக்ஸும். எது வேண்டும் எது வேண்டாம் என்று பொறுக்க வேண்டாம். இந்த மாதிரிப் புரோகிராமின் மொத்த ஃபோல்டரே பெரும்பாலும் ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கிவிடும்.

அப்பாவின் மலர்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பல வருடத்துக்கு முன் அடித்தவை என்றால் அவை யூனிகோடில், அதாவது இன்று எல்லாக் கணினியும் செல்போனும் படிக்கும் பொது எழுத்து முறையில், இருக்க வாய்ப்புக் குறைவு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாமினியில் அடித்த 'அம்மா', பாமினி இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்கள் உண்டு. கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவே. எனவே கோப்புகளோடு எழுத்துருக்களையும் எடுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதிலுள்ள தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து மலர்க் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை இருந்தால், அந்தப் புரோகிராம் திறக்கிற இந்தக் கணினியிலேயே ஒவ்வொரு மலரையும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்தது. புதிய கணினியில் அது ஒழுங்காக ஓடும் என்று நம்பி இருக்க வேண்டாம். பிடிஎஃப் ஆகிவிட்டால் செல்போனில்கூடப் படிக்கலாம். நேரம் கிடைக்கும்போது என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றி வைத்தால், பழைய மலரில் யார் என்ன எழுதினார்கள் என்று தேடிப் பார்க்கவும் முடியும். அப்பாவின் உழைப்பு அது. மாற்றும் வேலையை வேண்டுமானால் ஆறப்போடுங்கள், பிரதி எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இவை தவிர டெஸ்க்டாப் திரை, டவுன்லோட்ஸ் ஃபோல்டர், ஸ்கேன் செய்து போட்ட வாடகை ஒப்பந்தம், பான் கார்டு, ஜிஎஸ்டி சான்றிதழ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். இவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவுட்லுக்கில் மெயில் வருகிறது என்றால், மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி கோப்பையும்.

பேக்கப் எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பென் டிரைவ் கையைவிட்டுப் போகும், சட்டைப் பையோடு துவைக்கவும் படும். பழைய பென் டிரைவ் பல ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பாதியில் நின்றதைக் கவனிக்காமல் பலர் பேக்கப் எடுத்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பிரதி எடுத்து முடித்த பிறகு தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: வெளி டிஸ்கை லேப்டாப்பில் செருகி, ஒவ்வொரு வகையிலும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு பில், ஒரு மலர், ஒரு ஸ்கேன், டேலியின் ஒரு வருடம். எடுத்த கணினியிலேயே திறந்து பார்ப்பது கணக்கில்லை; அங்கே எல்லாமே திறக்கும். வேறு கணினியில் திறந்தால்தான் எது விடுபட்டது என்று தெரியும். இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டு ஃபார்மட் போட்டவர்கள்தான் அப்புறம் டேட்டா ரெக்கவரி கடைகளில் நின்றுகொண்டிருக்கிறார்கள். அழிந்த டிஸ்கின் மேல் புதிய விண்டோஸ் ஏறிய பிறகு மீள்வது எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்னொரு பிரதி பட்டறைக்கு வெளியே, தாராவிக்கே வெளியே இருக்கட்டும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆறு பொங்கியதை அப்பா நேரில் பார்த்திருப்பார். தரைத் தளத்துப் பட்டறையில் கணினியும் பேக்கப் டிஸ்கும் ஒரே மேசையில் இருந்தால், தண்ணீர் வரும்போது இரண்டும் சேர்ந்தே போகும். செம்பூரிலோ கல்யாணிலோ சொந்தக்காரர் வீட்டு மாடியில் ஒரு டிஸ்க் இருந்தால் போதும். ஜூன் மாதம் மழை தொடங்குமுன் இது முடிந்திருக்க வேண்டும்.

டேலியை மாற்றுவதில் வரிசை தவறக்கூடாது. முதலில் டெஸ்க்டாப்பில் டேலியின் பேக்கப் வசதியால் எல்லாக் கம்பெனியையும், எல்லா வருடத்தையும் பேக்கப் எடுங்கள். கூடவே டேட்டா ஃபோல்டரையும் நேராகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் அதே பதிப்பு டேலியைப் போடுங்கள், அல்லது அதைவிடப் புதியதை. பழைய பதிப்பில் புதிய டேட்டா திறக்காது. லைசென்ஸ் இல்லாமலே அது எஜுகேஷனல் மோடில் திறக்கும். அதில் எல்லாத் தேதிக்கும் என்ட்ரி போட முடியாதே தவிர, கணக்கைத் திறந்து பார்க்க முடியும். பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, மார்ச் 31 நிலவரப்படி டிரையல் பேலன்ஸை இரண்டு கணினியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஸ்டாக் மதிப்பையும் பாருங்கள். எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் டெஸ்க்டாப்பில் லைசென்ஸை சரண்டர் செய்து, லேப்டாப்பில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதற்கு லைசென்ஸ் பதிவு செய்தபோது கொடுத்த மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் தேவை. டேலி போட்டுத் தந்தவருடைய மெயிலில் அது பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கணக்கையே பூட்டி வைக்கும் டேலி வால்ட் பாஸ்வேர்ட் வைத்திருந்தால் அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அது மறந்தால் கணக்கைத் திறக்கவே முடியாது.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால் கவலைப்பட வேண்டாம். கையெழுத்து டோக்கனுக்குள்தான் இருக்கிறது, கணினியில் இல்லை. லேப்டாப்பில் டோக்கனின் டிரைவரையும், ஜிஎஸ்டி தளத்துக்கான எம்சைனரையும் போட்டால் வேலை முடிந்தது. பாஸ்வேர்டை மட்டும் ஞாபகமில்லாமல் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள், டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

இனி லேப்டாப். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து பிசி ஹெல்த் செக் என்ற சின்ன மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். எட்டாம் தலைமுறை ஐ5 என்பதால் பெரும்பாலும் பச்சைக் குறி வரும். பிராசசர் பெயரில் ஐ5-க்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண் 8-இல் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் தலைமுறை உறுதி. டிபிஎம் இல்லை என்று சொன்னால் பதற வேண்டாம். இன்டெல்லில் பிடிடி என்ற பெயரில் அது பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைந்து கிடக்கும், இயக்கினால் போதும்.

ஆனால் பயாஸில் கை வைக்கும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பல லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், வைத்திருப்பவருக்கே அது தெரியாது. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள். ஆனில் இருந்தால், அதைத் திறக்க 48 இலக்கச் சாவி ஒன்று இருக்கும். பயாஸிலோ பாகங்களிலோ மாற்றம் செய்தால் நீலத் திரை வந்து அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்தச் சாவி இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இங்கேதான் ஒரு சிக்கல். லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்து கொடுத்தவர் யார்? கடையில் செய்து தந்திருந்தால், கடைக்காரர் தன் மெயிலைப் போட்டு அதில் கணக்குத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் சாவி அவருடைய கணக்கில் கிடக்கிறது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பக்கத்தில் யாருடைய மெயில் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் வேறு எந்த வேலைக்கும் முன்னால் என்க்ரிப்ஷனை ஆஃப் செய்துவிடுங்கள். டிஸ்க் முழுக்கத் திறந்து முடிய நேரம் எடுக்கும், பொறுங்கள். பிறகு உங்கள் கணக்கில் நுழைந்து மறுபடி ஆன் செய்துகொள்ளலாம்.

செலவு செய்ய மனமிருந்தால் ஒன்று சொல்வேன். விண்டோஸ் 11-ஐச் சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஓட்டினால் உங்கள் பொறுமை போய்விடும். மேலேற்றுவதற்கு முன்பே ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி, இப்போதுள்ள டிஸ்கை அதில் அப்படியே குளோன் செய்ய, அதாவது அச்சு அசலாகப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். லேமிங்டன் ரோட்டுக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டிய வேலை இதுதான். 'ஃபார்மட் வேண்டாம், குளோன் வேண்டும், பழைய டிஸ்கைத் துடைக்காமல் கையில் கொடுங்கள்' என்று வேலை தொடங்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். குளோன் செய்யும்போது என்க்ரிப்ஷன் ஆஃபில் இருப்பது நல்லது. இதில் வேகத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: கழற்றிய பழைய டிஸ்கில் உங்கள் விண்டோஸ் 10 முழுசாக அப்படியே இருக்கிறது. விண்டோஸ் 11-இல் என்ன கோளாறு ஆனாலும் அந்த டிஸ்கைத் திரும்ப மாட்டினால் பழைய லேப்டாப் கிடைத்துவிடும். இதற்கு இணையான பேக்கப் வேறில்லை. குறைந்தது அடுத்த ரிட்டர்ன்கள் ஒரு சுற்று முடியும்வரை அதைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன். ஏப்ரல் 20 தாண்டியதும், மே 11-க்கு வெகு முன்னால், அந்த இடைவெளியில் ஒரு சனிக்கிழமை மாலை வையுங்கள். ஞாயிறு முழுக்கச் சோதித்துப் பார்க்க நேரமிருக்கும். மார்ச் கணக்கு முடிந்த கையோடு என்கிறீர்கள். 3பி தாக்கல் ஆகாமல் தொட வேண்டாம்.

அன்று செய்ய வேண்டியது குறைவுதான். சார்ஜரைச் செருகியே வையுங்கள். சி டிரைவில் 30 ஜிபியாவது காலி இருக்கட்டும். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் அதை நீக்கிவிட்டு, டோக்கன், பென் டிரைவ், பேக்கப் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிரிண்டர் கம்பெனி தளத்திலிருந்து விண்டோஸ் 11 டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட். அங்கே விண்டோஸ் 11 காட்டவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் கிடைக்கும். உங்கள் விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆனது என்றால் 11-க்குத் தனியாகக் காசு இல்லை. யாராவது சாவி விற்க வந்தால் வாங்காதீர்கள். இடையில் சதவீதம் ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்கும். பவர் பட்டனை அழுத்தாதீர்கள், விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டை முடியுங்கள்.

ஏறிய பிறகு முதல் பத்து நாள் முக்கியம். செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்தில் 'கோ பேக்' என்று ஒரு பட்டன் இருக்கும். பத்து நாளுக்குள் அதை அழுத்தினால் விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். இடம் நிறைகிறது என்று யாராவது டிஸ்க் கிளீனப் ஓட்டச் சொன்னால் கேட்காதீர்கள். இந்த நாட்களில் உங்கள் மாத வேலை முழுவதையும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்: ஒரு பில் போட்டு அச்சடியுங்கள், ஜிஎஸ்டி தளத்தில் நுழையுங்கள், டோக்கனைச் செருகிப் பாருங்கள், ஸ்கேனரை ஓட்டுங்கள். தமிழ் அடிக்க செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனெடிக் விசைப்பலகைகள் கூடவே வரும்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் மட்டும் கவனம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை 'பேக்கப்' செய்யட்டுமா என்று அது கேட்கும். சம்மதித்தால் அந்த ஃபோல்டர்கள் ஒன்டிரைவுக்குள் இடம் மாறிவிடும். இலவச இடம் 5 ஜிபிதான். நிறைந்ததும் எச்சரிக்கை வரத் தொடங்கும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குழம்பிப் போவீர்கள். டேலி டேட்டாவை அதற்குள் வைக்கவே கூடாது. அந்தத் திரை வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, பார்ட்டி கணக்கு. டெஸ்க்டாப் என்றாவது ஒருநாள் நிற்கத்தான் போகிறது. அதற்குள் டிபிஎஃப் கோப்புகளின் பிரதியை லேப்டாப்பில் லிப்ரே ஆஃபீஸ் கால்க் கொண்டு திறந்து பாருங்கள். இலவச மென்பொருள்தான், டிபிஎஃப்பை அட்டவணையாகக் காட்டும். திறந்ததும் வேறு பெயரில் எக்செல் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். பில் புரோகிராமே ஓட வேண்டும் என்று அப்பா விரும்பினால், டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் அந்த ஃபோல்டரை ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலான டாஸ் புரோகிராம்கள் அதில் திறந்துவிடும், அச்சடிப்பதுதான் தகராறு செய்யும். திறக்கவில்லை என்றாலோ, எஃப்பிடி கோப்பிலுள்ள குறிப்புகள் அட்டவணையில் வரவில்லை என்றாலோ, எந்தெந்தப் பெயரில் கோப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் அனுப்புங்கள். பார்ட்டிகளின் விவரம் எதுவும் அனுப்ப வேண்டாம். பட்டியலைப் பார்த்தாலே எங்கே இடறுகிறது என்று என்னால் சொல்ல முடியும்.